25 ஆண்டு உத்தரவாதம்: வீட்டுச் சோலாரை எதை வைத்து நம்புவது?

வீட்டு மாடியில் ஏற்றும் சோலார் பேனல் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்டால், சந்தையில் கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: 25 ஆண்டு. அண்மைக்காலத்தில் சில தயாரிப்பாளர்கள் 30 என்கிறார்கள். இராணிப்பேட்டை மாவட்டத்தின் கலவை போன்ற ஒரு பேரூராட்சியில் 3 கிலோவாட் அமைப்புக்குக் கடன் வாங்கும் குடும்பத்தின் கணக்கு முழுவதும் இந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது. போட்ட பணம் முதல் சில ஆண்டுகளில் திரும்பும். அதன்பின் வருவது லாபம். பேனல் பத்தாம் ஆண்டில் ஓய்ந்துவிட்டால் அந்த லாபத்தின் பெரும்பகுதி போய்விடும்.

ஆனால் மாடியில் இருப்பது பேனல் மட்டுமல்ல. இன்வெர்ட்டர், இரும்புச் சட்டம், வயர், எர்த், சில வீடுகளில் பேட்டரி என்று ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு, பொறுப்பேற்கும் ஆள் வேறு. எது எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு எழுபது ஆண்டுகளாக வெவ்வேறு தரப்பினர் வெவ்வேறு விடை சொல்லி வந்திருக்கிறார்கள்.

25 என்ற எண் வந்த வழி

அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 1954 ஏப்ரல் 25 அன்று சிலிக்கான் சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டியபோது, அதன் மின்மாற்றுத் திறன் ஏறத்தாழ 6 சதவீதம். முதல் இருபது ஆண்டுகள் அதற்கு முக்கிய வாடிக்கையாளர் விண்வெளித் துறை. 1970களின் எண்ணெய் நெருக்கடி அதைத் தரைக்குக் கொண்டுவந்தது. 1975 முதல் 1986 வரை அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் ஐந்து கட்டங்களாகப் பேனல்களை வாங்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் சோதனைகளைக் கடுமையாக்கியது. முதல் கட்டங்களில் வாங்கியவை வெட்டவெளியில் ஏராளமாகப் பழுதாயின. ஐந்தாம் கட்டத்துப் பேனல்களில் பழுது அரிதானது. ஐஇசி 61215 என்ற பன்னாட்டுத் தரநிலை 1993இல் வெளியானபோது, இந்தச் சோதனைகளே அதற்கு அடித்தளமாயின.

உத்தரவாதக் காலமும் இதே காலத்தில்தான் நீண்டது. சோலாரெக்ஸ் நிறுவனமும் அதைத் தன்வசப்படுத்திய பிபி சோலாரும் தந்த உத்தரவாதம் 1987க்கு முன் 5 ஆண்டு. பிறகு 10, 1993இல் 20, 1999இல் 25. அந்த ஆண்டில் விற்ற பேனல் எதுவும் அதற்கு முன் 25 ஆண்டு வெயிலில் கிடந்து காட்டியதில்லை. சோதனை முடிவுகளையும் இளைய பேனல்களின் அனுபவத்தையும் நீட்டிப் பார்த்துச் செய்த கணிப்பு அது. போட்டியாளரை முந்தும் வணிக ஆசையும் அதில் கலந்திருக்கும் என்று கருத இடமுண்டு. 1999இல் 25 ஆண்டுக்கு வாக்குக் கொடுத்த பிபி, 2011 இறுதியில் சோலார் தொழிலை விட்டே விலகியது. இந்தியாவில் அதன் கூட்டு நிறுவனமான டாடா பிபி சோலார், டாடா பவர் சோலார் ஆனது.

ஆய்வகச் சான்றை நம்பும் தரப்பு

தரநிலைச் சோதனையில் தேறிய பேனலை நம்பலாம் என்பது முதல் நிலைப்பாடு. தயாரிப்பாளர்கள், வங்கிகள், அரசுத் துறைகள் எல்லாம் பெரும்பாலும் இந்தத் தரப்பு. இந்தியாவில் ஐஇசி 61215க்கு இணையானது ஐஎஸ் 14286. மத்திய அமைச்சகத்தின் 2017ஆம் ஆண்டு ஆணை, பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் இந்தியத் தர நிறுவனத்தின் கட்டாயப் பதிவைக் கொண்டுவந்தது.

சோதனைகள் எளிதானவை அல்ல. மைனஸ் 40 டிகிரிக்கும் 85 டிகிரிக்கும் இடையே 200 முறை குளிரூட்டிச் சூடாக்குகிறார்கள். 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம் வைக்கிறார்கள். 25 மில்லிமீட்டர் பனிக்கட்டி உருண்டையை நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில் கண்ணாடி மேல் அடிக்கிறார்கள்.

1,000 மணி நேரம் என்பது 42 நாள்கூட இல்லை என்பதே இதற்கு எதிரான வாதம். இந்தச் சோதனை வடிவமைப்புக் கோளாறுகளைத் தொடக்கத்திலேயே பிடித்துவிடும்; ஆயுளை அளக்காது. தரநிலையும் அப்படி உரிமை கோரவில்லை, விற்பனைத் தாள்கள்தாம் கோருகின்றன. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாலிஅமைடு பின்தாள் ஒட்டிய பேனல்கள் உலகெங்கும் விற்றன. சான்றிதழில் எந்தக் குறையும் இல்லை. சில ஆண்டுகளிலேயே அந்தத் தாள் வெடித்து, மின்கசிவு அபாயத்தில் முடிந்தது. புற ஊதாக் கதிர், வெப்பம், ஈரம் மூன்றையும் சோதனை தனித்தனியே கொடுத்தது. வெயில் மூன்றையும் ஒருசேரக் கொடுத்தது. மேலும், சோதனைக்குப் போவது சில மாதிரிகள். தொழிற்சாலை பின்னாளில் பசையையோ தாளையோ மாற்றினால், பழைய சான்று புதிய சரக்குக்கு எவ்வளவு பொருந்தும் என்பது தனிக் கேள்வி.

வெயிலில் கிடந்த பேனல்களை அளக்கும் தரப்பு

இரண்டாம் தரப்பினர் ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து, பழைய பேனல்களை அளந்து பார்க்கிறார்கள். அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தின் ஜோர்டன், கர்ட்ஸ் இருவரும் 2012ஐ ஒட்டி வெளியிட்ட மீளாய்வு, ஏறத்தாழ 2,000 அளவீடுகளைத் தொகுத்தது. நடு மதிப்பு ஆண்டுக்கு 0.5 சதவீதத் தேய்வு, சராசரி 0.8. அந்த வேகத்தில் 25 ஆண்டுக்குப் பின்னும் பேனல் 80 சதவீதத்துக்குக் குறையாமல் தரும்.

இந்தத் தரப்பின் வலுவான சாட்சி சுவிட்சர்லாந்தின் லுகானோவில் இருக்கிறது. 1982இல் மின்தொகுப்போடு இணைத்த 10 கிலோவாட் நிலையத்தின் பேனல்களை 35 ஆண்டுக்குப் பின் அளந்தபோது, பெரும்பாலானவை தொடக்கத் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் தந்தன. அவற்றைச் செய்த ஆர்கோ சோலார் நிறுவனம் சீமென்ஸ் கைக்கும், அங்கிருந்து ஷெல்லுக்கும், பிறகு சோலார்வேர்ல்டுக்கும் போனது. சோலார்வேர்ல்டு 2017இல் திவாலானது. பேனல்கள் நிற்கின்றன, செய்தவர்கள் இல்லை. உத்தரவாதம் பற்றிய விவாதத்தில் அதிகம் பேச வேண்டியது இதைத்தான்.

ஆனால் லுகானோ குளிர்ந்த ஊர். இந்திய நிலவரம் வேறு. ஐஐடி பம்பாயின் ஒளிமின் ஆய்வு மையமும் தேசியச் சூரிய ஆற்றல் நிறுவனமும் 2013, 2014, 2016, 2018 ஆண்டுகளில் நாடெங்கும் பேனல்களை அளந்தன. வெப்பமான பகுதிகளில் தேய்வு அதிகம். பெரிய தரைநிலையங்களைவிடச் சிறிய கூரை அமைப்புகளின் நிலை மோசம். பழைய பேனல்களைவிடப் புதியவை சிலவற்றில் தேய்வு வேகம் கூடுதல். கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்களும் மின்கலங்களில் தென்பட்டன. ஏற்றி இறக்குவதிலும் பொருத்துவதிலும் காட்டும் அலட்சியத்தை அவை சுட்டின.

இந்த வகை அளவீட்டுக்கும் குறைகள் உண்டு. பழுதாகிக் கழற்றி எறிந்த பேனல் கணக்கில் வராது. தப்பிப் பிழைத்தவையே அளவுக்கு வருகின்றன. பேனல் புதிதாக இருந்தபோது உண்மையில் எவ்வளவு தந்தது என்ற பதிவும் பெரும்பாலும் இருக்காது. பின்புற ஒட்டுத்தாளில் அச்சிட்ட எண்ணையே தொடக்கமாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. முதல் நாளிலேயே 3 சதவீதம் குறைவாக இருந்த பேனல், ‘வேகமாகத் தேய்ந்த’ பேனலாகப் பதிவாகிவிடலாம்.

பாலாற்றுப் படுகையின் வெயில், வாயு, தண்ணீர்

பேனலின் திறனை 25 டிகிரி வெப்பத்தில் அளந்து ஒட்டுகிறார்கள். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர், இராணிப்பேட்டைப் பகுதியில் நண்பகலில் மின்கலத்தின் சூடு 65 டிகிரிக்குப் போவது இயல்பு. டிகிரிக்கு 0.35 சதவீதம் என்று கொண்டால், 40 டிகிரி கூடுதலுக்கு 14 சதவீத உற்பத்தி குறையும். இது பழுதல்ல, மாலையில் சூடு தணிந்தால் திறன் திரும்பிவிடும். ஆனால் ஆண்டுக்கணக்கில் அதே சூட்டில் கிடந்தால், கண்ணாடிக்குள் இருக்கும் பசைத்தாள் மஞ்சளாகிறது, ஈயப் பற்று தளர்கிறது. காற்றோட்டம் உள்ள உயரச் சட்டத்தைவிட, தகர ஷெட்டோடு ஒட்டிப் பொருத்திய பேனலுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

வாயு இந்தப் பகுதிக்கே உரிய பிரச்சினை. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் நீள்கின்றன. மயிர் நீக்கச் சோடியம் சல்ஃபைடும், சுண்ணாம்பை அகற்ற அம்மோனிய உப்புகளும் பயன்படுவதால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அம்மோனியாவும் வெளிப்படுகின்றன. பேனலின் அம்மோனியாத் தாங்குதிறனுக்கு ஐஇசி 62716 என்ற தனிச் சோதனை உண்டு; அதை வகுத்தவர்கள் மனத்தில் இருந்தது மாட்டுத்தொழுவம். கடற்கரை உப்புக்காற்றுக்கு ஐஇசி 61701 இருக்கிறது. வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இவ்விரண்டிலும் அடங்காது. கண்ணாடிக்குள் மூடிய வெள்ளிக் கம்பிகள் ஓரளவு தப்பலாம். வெளியே இருக்கும் இணைப்பான்கள், செம்பு எர்த் பட்டை, காற்றோட்டத்துக்காகத் துளையிட்ட இன்வெர்ட்டரின் மின்சுற்றுப் பலகை ஆகியவற்றுக்கே ஆபத்து அதிகம் என்று எதிர்பார்க்கலாம்.

கலவை பாலாற்றுக்குத் தெற்கே தள்ளி, நெல்லும் வேர்க்கடலையும் விளையும் ஊர். தோல் ஷாப்புக் காற்று இவ்வளவு தூரம் வந்து கெடுப்பது அரிது; இங்கே அறுவடைக் காலத் தூசியும் பதரும்தான் பேனலை மூடும். இருந்தும் மேல்விஷாரத்து வீட்டுக்கும் கலவை வீட்டுக்கும் அச்சிட்டுத் தரும் உத்தரவாத அட்டை ஒன்றே.

தண்ணீரும் கணக்கில் சேர வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தோல் தொழிற்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ கெட்டதாகச் சொன்ன ஆய்வை எடுத்துக்காட்டியது. அதே நிலத்தடி நீரில் பேனலைக் கழுவினால் காய்ந்தபின் வெள்ளைப் படலம் நிற்கும். தேய்த்து எடுக்கப் போனால் கண்ணாடியின் மேற்பூச்சு போகும். ஆர்ஓ இயந்திரம் கழித்துத் தள்ளும் நீரைச் சேமித்துக் கழுவும் வழக்கம் இன்னும் கெடுதல், அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். கழுவும் நீரில் தாது குறைவாக இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் கையேடுகள் எழுதி வைக்கின்றன. கையேட்டை மீறிய கறை உத்தரவாதத்தில் சேராது. உச்சி வெயிலில் சுட்ட கண்ணாடி மேல் குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் அப்படித்தான்.

பேனலை விட்டு மற்றவற்றைப் பார்க்கும் தரப்பு

களத்தில் வேலை செய்யும் மின்பணியாளர்கள் சொல்வது மூன்றாம் நிலைப்பாடு: பழுதென்று வரும் அழைப்புகளில் பேனல் குறைவு, இன்வெர்ட்டர்தான் அதிகம். வெளிநாட்டு ஆய்வுகளும் இதையே உறுதிசெய்கின்றன. உள்ளிருக்கும் மின்தேக்கிகளும் மின்னணு நிலைமாற்றிகளும் சூட்டில் சீக்கிரம் தேய்கின்றன. இன்வெர்ட்டருக்கு வழக்கமான உத்தரவாதம் 5 முதல் 10 ஆண்டு. ஆக, 25 ஆண்டுக் கணக்குப் போடும் வீட்டார் ஒரு தடவையாவது, ஒருவேளை இரண்டு தடவை, புது இன்வெர்ட்டர் வாங்கும் செலவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். விற்பனைக் கணக்குத் தாள்களில் இந்த வரி அடிக்கடி விடுபடுகிறது.

பழுதல்லாத ஒன்றையும் பழுதாகக் கொள்வதுண்டு. மின்தொகுப்போடு இணைந்த இன்வெர்ட்டர், கரண்ட் போனவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன்மேல் மின்சாரம் பாயாதிருக்க வைத்த பாதுகாப்பு அது. ‘வெயில் கொளுத்துகிறது, சோலார் ஓடவில்லை’ என்ற புகாருக்குப் பல நேரம் இதுவே காரணம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, லைன் முடியும் இடத்தில் இருக்கும் வீடுகளில் வோல்டேஜ் வரம்பை மீறும்போதும் இன்வெர்ட்டர் நிற்கும். இது உற்பத்தி இழப்புதான். ஆனால் யார் பொருளிலும் குறை இல்லை, எனவே யார் உத்தரவாதத்திலும் வராது.

பேட்டரியின் கதையைத் தமிழ்நாடு 2008 முதல் 2014 வரையிலான மின்வெட்டுக் காலத்தில் நன்றாகவே படித்தது. ஈய அமில பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் கூடும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலில் ஏற்றுக்கொண்ட தோராய விதி. 2011இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய ஒளி பசுமை வீடு திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் சோலாரில் எரியும் 5 சிஎஃப்எல் விளக்குகள் கிடைத்தன. ஆண்டுக்கு 60,000 வீடுகள் என்பது இலக்கு. பேனலுக்குத் தேய்வு மெதுவானது. விளக்கு எரிவதோ பேட்டரியின் கையில். பேட்டரி மாற்றும் செலவை ஏற்க முடியாத குடும்பத்துக்குப் பேனலின் நீண்ட ஆயுளால் பயன் சொற்பம்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். மாடியைத் துணி காயப்போடவும் வற்றல் போடவும் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாட்டில் ஆள் உயரத்துக்கு மேல் சட்டம் ஏற்றுகிறார்கள். அப்போது காற்று கீழிருந்து தூக்கும் விசை கூடுகிறது. 2016 டிசம்பரின் வர்தாவும் 2018 நவம்பரின் கஜாவும் காட்டியது போல, புயல் வருவது கடற்கரை மாவட்டங்களுக்கு மட்டுமான கவலை அல்ல. கோடை மழைக்கு முன் வரும் சுழற்காற்றும் உள்மாவட்டத்தில் பலமானது. போல்ட்டுக்காகத் தட்டோடு பதித்த தளத்தைத் துளைத்து, மழையில் கூரை ஒழுகினால், அதைப் பேனல் உத்தரவாதமும் பார்க்காது, இன்வெர்ட்டர் உத்தரவாதமும் பார்க்காது.

உத்தரவாதத்தை ஒப்பந்தமாகப் படிக்கும் தரப்பு

நுகர்வோர் வழக்கறிஞர்களும் காப்பீட்டுத் துறையினரும் பேனலைப் பார்ப்பதில்லை, தாளைப் படிக்கிறார்கள். பேனலோடு வருவது இரண்டு உத்தரவாதம். பொருளில் குறை இருந்தால் மாற்றித் தருவது ஒன்று. பெரும்பாலும் 10 அல்லது 12 ஆண்டு. திறன் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாது என்பது மற்றது. 25 ஆண்டு என்று விளம்பரத்தில் வருவது இதுதான். அரசுத் திட்ட விதிகளில் இது பத்தாம் ஆண்டு முடிவில் 90 சதவீதம், 25ஆம் ஆண்டு முடிவில் 80 சதவீதம்.

இந்த இரண்டாம் உத்தரவாதத்தைக் காசாக்கிப் பார்த்தால் அதன் எடை தெரியும். 540 வாட் பேனல் ஒன்று 80 சதவீதத்துக்குப் பதில் 76 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பற்றாக்குறை 4 சதவீதம், அதாவது சுமார் 22 வாட். வாட்டுக்கு 25 ரூபாய் என்றால் ஈடு 540 ரூபாய். அதை நிறுவ, பேனலைக் கழற்றிச் சான்று பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பி அளக்க வேண்டும். கழற்றும் கூலி, வண்டி வாடகை, திரும்பப் பொருத்தும் கூலி ஆகியவற்றைப் பெரும்பாலான உத்தரவாதங்கள் ஏற்பதில்லை. ஆய்வக அளவிலேயே 2, 3 சதவீதப் பிழை வரம்பு உண்டு. அதைத் தயாரிப்பாளர் தமக்குச் சாதகமாகக் கழித்துக்கொள்ள ஒப்பந்தம் இடம் தருவதும் உண்டு. மெதுவான தேய்வுக்கு எதிராக இந்தத் தாள் வீட்டுக்காரருக்குத் தரும் காப்பு மிகச் சிறிது என்றே சொல்ல வேண்டும். ஒரு பேனல் திடீரென்று பாதியாகக் குறைந்தால்தான் அது உதவும்.

குறைவைக் கண்டுபிடிப்பதே முதல் தடை. தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட். ஆண்டுக்கு ஒரு சதவீதத் தேய்வு என்பது நாளுக்கு 0.12 யூனிட். ஒரு வார மேகமூட்டமும் ஒரு மாதத் தூசியும் இதைவிடப் பல மடங்கு ஏற்றியிறக்கும். மீட்டரை மட்டும் பார்க்கும் எவருக்கும் இது பிடிபடாது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சில வழிகளைத் திறந்தது. வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். தயாரிப்பாளர், விற்பனையாளர், சேவை தருபவர் மூவர் மீதும் பொருள் பொறுப்பு வரக்கூடும். குறையை ஆய்வகச் சோதனை இன்றி அறிய முடியாதபோது மாதிரியை அனுப்பி அறிக்கை பெற ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். ஆண்டுக்கொரு துளியாகத் தேயும் பேனலில் அந்தக் காரணம் எந்த நாளில் எழுந்தது என்பது வாதத்துக்கு உரியது.

எல்லாவற்றுக்கும் மேல், தாளில் கையெழுத்திட்டவர் இருக்க வேண்டும். ஜெர்மனியின் க்யூ-செல்ஸ் 2012இலும், சீனாவின் சன்டெக்கின் முதன்மைத் துணைநிறுவனம் 2013இலும், அமெரிக்காவின் சன்பவர் 2024இலும் திவால் நடவடிக்கைக்குள் போயின. இந்தியாவில் மோசர் பேர், இண்டோசோலார் நிறுவனங்களுக்கும் அதே கதி. கைமாறும் நிறுவனத்தை வாங்குபவர் பழைய வாக்குறுதிகளை ஏற்பாரா என்பது அந்தந்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது. மாடியில் பொருத்திக் கொடுத்த உள்ளூர் நிறுவனத்தின் ஆயுள் இதைவிடவும் நிச்சயமற்றது.

அரசு இடையில் வருவது

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்து, 75,021 கோடி ரூபாய் ஒதுக்கியது. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போடுவோருக்கு 78,000 ரூபாய் மானியம். பதிவு பெற்ற நிறுவனம் 5 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்பதும், உள்நாட்டில் செய்த பேனலையே போட வேண்டும் என்பதும் விதி. 2019ஆம் ஆண்டு ஆணைப்படி அங்கீகரித்த தயாரிப்பாளர் பட்டியலும் இருக்கிறது.

உத்தரவாதச் சிக்கலுக்கு இந்த விதிகள் பாதி மருந்து. தயாரிப்பாளர் நாட்டுக்குள் இருந்தால் வழக்கின் எல்லைச் சிக்கல் குறையும். 5 ஆண்டுப் பராமரிப்பு முழு அமைப்புக்கும் ஒரே பொறுப்பாளியைக் காட்டுகிறது. முன் சொன்ன கூரை ஒழுகலும் வோல்டேஜ் தகராறும் குறைந்தபட்சம் ஒரு கதவைத் தட்டலாம். எனினும் நிறுவனம் கட்டும் வங்கி உத்தரவாதம் நிறுவனத்துக்கு ஒன்றே, வீட்டுக்கு ஒன்றல்ல. மானியம் அமைப்பை நிறுவியவுடன் முழுதாக வந்துவிடுகிறது. மூன்றாம் ஆண்டில் அது ஓடுகிறதா என்பதோடு அதற்குத் தொடர்பில்லை.

இன்னும் முடிவாகாதவை

சான்றளித்த, கவனமாகப் பொருத்திய பேனல் 25 ஆண்டு உழைக்கும் என்பதை ஐயப்பட இப்போது அதிகக் காரணம் இல்லை. ஆனால் அந்த முடிவு எந்தப் பேனல்களைப் பார்த்து வந்தது என்பது முக்கியம். 2000 வாக்கில் உலகம் முழுதும் இருந்த சோலார் ஏறத்தாழ ஒரு ஜிகாவாட். 2022இல் அது ஆயிரம் ஜிகாவாட்டைத் தாண்டியது. 25 ஆண்டு வெயில் கண்ட சாட்சிகள், இன்றைய இருப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவை சிறிய, தடித்த கண்ணாடிப் பேனல்கள். இன்று மாடி ஏறுபவை பெரியவை. சிலவற்றின் கண்ணாடி 2 மில்லிமீட்டர். காரணம் புலப்படாமல் அந்த மெல்லிய கண்ணாடி உடைவதும், புதுவகை மின்கலங்கள் புற ஊதாக் கதிரில் தேய்வதும் அண்மை ஆய்வுகளில் பேசப்படுகின்றன. பழைய ஆயுள் புதிய வடிவத்துக்கும் பொருந்துமா என்பதற்குக் காலம்தான் விடை தர வேண்டும்.

தோல் தொழிற்பகுதியின் வாயுவும் நீரும் பேனல்களையும் இன்வெர்ட்டர்களையும் என்ன செய்கின்றன என்பது ஆம்பூர், இராணிப்பேட்டை வீடுகளிலேயே நீண்ட கால அளவீடாக நடக்க வேண்டிய வேலை. சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் வேலூரில் பொறியியல் பல்கலைக்கழகமும் இருக்கும்போது, அதற்கு ஆளோ கருவியோ இல்லை என்று சொல்வதற்கில்லை.

அதுவரை வாங்குபவர் கேட்டு வாங்க வேண்டியவை சில: ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணும் ஆலைச் சோதனை அளவும், பொருள் உத்தரவாதமும் திறன் உத்தரவாதமும் தனித்தனித் தாள்களாக, 5 ஆண்டுப் பராமரிப்பில் அடங்கும் வேலைகளின் எழுத்து வடிவம், கூரை ஒழுகினால் யார் பொறுப்பு என்ற ஒரு வரி. திட்டம் தொடங்கிய ஆண்டில் பொருத்திய வீடுகளுக்கு அந்த 5 ஆண்டுப் பராமரிப்பு 2029இல் முடிகிறது.